பெட்டி அக்காவும் முதலாம் பாடமும்

கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஓய்வெடுத்தார் என்கிறார்கள். பக்கத்தில் பெட்டி அக்கா நின்றிருந்தால் அந்த ஓய்வு அவருக்குக் கிடைத்திருக்காது. "எல்லாம் சரி சாமி, பக்கிங் லிஸ்ட் எங்க?" என்று கேட்டு, வானம் ஒன்று, பூமி ஒன்று, மீன்வகை இத்தனை என்று எண்ணி முடிக்கும்வரை அவரை உட்காரவே விட்டிருக்க மாட்டார்.

கொட்டாஞ்சேனையில், இறக்குமதிச் சாமான்களைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் நானும் அவரும் ஒன்பது வருடம் ஒன்றாக வேலை செய்தோம். நான் கணினியில் பத்திரங்களைத் தட்டுகிறவள். அவர் துறைமுகத்துக்கே போய்ப் பெட்டிகளை எண்ணுகிறவர். எண்ணியதை எழுதும் தாளுக்கு டாலி ஷீட் என்று பெயர். சாமான் குறைந்தால் அதில் 'ஷோர்ட்', கூடினால் 'எக்செஸ்', உடைந்தால் 'டமேஜ்' என்று எழுத வேண்டும். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அலுவலக வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதை நான் கண்டதில்லை.

"பேப்பர நம்பாத, பெட்டியத் திற" என்பதுதான் அவருடைய வேதவாக்கு. இதை வேலையோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கல்யாண வீடுகளில் கேக் துண்டைச் சின்னப் பெட்டியில் போட்டுத் தட்டில் கொண்டுவருவார்கள் அல்லவா? எங்கள் முதலாளியின் மகள் கல்யாணத்தில் பெட்டி அக்கா அந்தத் தட்டை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தார். மாப்பிள்ளையின் தாயார் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலாளி போனில் யாருடனோ பேசுவதுபோல வெளியே போய்விட்டார்.

"மூண்டு பெட்டி வெறும் பெட்டி," என்று பெட்டி அக்கா அறிவித்தார்.

அவமானத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் எண்ணிக்கை சரி. மூன்றும் வெறும் பெட்டிதான்.

அவருடைய கல்யாணமும் எண்ணிக்கையில் நடந்ததுதான். கணவர் யாழ்ப்பாணத்துச் சைவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மேலிருந்து அவர் இறக்க, கீழே நின்று இவர் எண்ணுவார். ஒருநாள் அவர் ஒரே பெட்டியை இரண்டு தரம் தூக்கி இறக்கினாராம், இந்தப் பெண் இன்னும் கொஞ்சநேரம் நிற்கட்டும் என்று. இவர் அதைக் கண்டுபிடித்து 'ஒரே பெட்டி இரண்டு தரம்' என்று டாலி ஷீட்டில் எழுதிவிட்டார். விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அந்த விளக்கத்தைச் சொல்ல வந்த மனிதர்தான் கடைசியில் பெண் கேட்டார். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடித்தனம். ஒரே மகள். வீட்டுப் பெயர் சூட்டி.

போன வருடம் ஒரு மத்தியானம் கணவர் கிரேனிலிருந்து இறங்கிவந்து, நெஞ்சு நோகுது என்று வாங்கில் இருந்தார். பிறகு எழும்பவில்லை.

சூட்டிக்கு அப்போது ஆறு வயது. அவள் அழவில்லை. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. ஆனால் பள்ளிக்கூட வான் வந்தால் கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு வருடம் வீட்டில் வைத்துப் படிப்பியுங்கள் என்றார் டொக்டர். அக்காவின் வேலையும் பாதி ஒன்லைனுக்குப் போயிருந்ததால் சாப்பாட்டு மேசை வகுப்பறையானது.

கணக்கு, தமிழ், இங்கிலீஷ் மூன்றுக்கும் எந்தப் புத்தகம் என்பது ஒரே பின்னேரத்தில் முடிவாயிற்று. சரித்திரம் மட்டும் நாலு மாதம் இழுத்தது.

ஊர் உலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டில் சரித்திரம் படிப்பிக்க எத்தனை பாடத்திட்டம் இருக்கிறதோ அதெல்லாம் பெட்டியாக அந்த மூன்றாம் மாடிக்கு ஏறியது. லண்டன் மச்சாள் ஒன்று அனுப்பினார். கனடாவிலிருந்து ஒன்று, சென்னையிலிருந்து ஒன்று. காலி வீதிப் புத்தகக் கடையில் நானே ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கூரியர்காரர் பெட்டியை வைத்துவிட்டு ஓடப் பார்த்தால் நடக்காது. "மல்லி, பொட்டக் இன்ன", தம்பி கொஞ்சம் நில் என்று சிங்களத்தில் சொல்லி அவரை வாசலில் நிறுத்தி, பக்கம் பக்கமாக எண்ணி முடித்த பிறகுதான் விடுவார். ஒரு கூரியர்காரருக்கு அங்கே பகல் சாப்பாடும் கிடைத்தது.

எண்ணுகிற வேலையில் சூட்டியும் சேர்ந்துகொண்டாள். ஆங்கிலம் முழுக்க வாசிக்க வராது. ஆனால் உள்ளடக்கத்தில் உள்ள இலக்கத்தையும் பக்கத்தில் உள்ள இலக்கத்தையும் பென்சிலால் சரிபார்ப்பாள். தாயைப் போலவே சரி போடுமுன் ஒருதரம் மூக்கைச் சொறிவாள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே ஒரு டாலி ஷீட் ஒட்டப்பட்டது. சென்னைப் பெட்டியில், 'ராசாக்கள் எக்செஸ், சமைத்தவர்கள் ஷோர்ட்.' கடையில் நான் வாங்கிக் கொடுத்ததில், 'குளம் கட்டினவர் பெயர் உண்டு, மண் சுமந்தவர் பெயர் இல்லை.' கனடாப் பெட்டியில் பனி எக்செஸ். லண்டன் பெட்டியில் எகிப்துப் பாடம் நன்றாகத்தான் இருந்தது. மாதிரிக்கு ஒருநாள் நடத்திப் பார்த்தார். சூட்டி தன் கரடிப் பொம்மையை ரொய்லற் பேப்பரால் தலை முதல் கால்வரை சுற்றி ஃபிரிட்ஜுக்குள் படுக்க வைத்தாள். தேத்தண்ணிக்குப் பால் எடுக்கப் போன நான் அலறியது நாலாம் மாடிவரை கேட்டதாம். அந்தப் பெட்டிக்கு 'டமேஜ்' என்று எழுதினார். டமேஜ் ஆனது நான்தான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு புத்தகம் தெரிவு செய்ய இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பதற்காகவே ஒரு பின்னேரம் மீன் அடைத்த மாலுபாண் பையோடு போனேன். சூட்டி உள்ளே நித்திரை. பெட்டி அக்கா மேசையில் இருந்து, கடைசியாக வந்த புத்தகத்திலிருந்து ஒரு தாளை பிளேட்டால் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா செய்யிறீங்க?"

வெட்டிய தாளை என் பக்கம் தள்ளினார். முதலாம் பாடம். 'நீ பிறந்த நாளில் என்ன நடந்தது? அம்மாவையும் அப்பாவையும் கேட்டு வந்து படம் கீறு.'

"நாலு பெட்டியிலயும் இதுதான் முதலாம் பாடம், தங்கச்சி. உலகம் முழுக்கக் கதைச்சுப் பேசி வச்ச மாதிரி," என்றார். "அவ கேக்கவே இல்ல. எட்டு மாசமா ஒரு வார்த்த கேக்கல. நான் எப்பிடி இத அவட முன்னுக்கு வைக்கிறது?"

ராசாக்கள் கூடியதும் பனி கூடியதும் வெறும் சாட்டு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. புத்தகத்தின்மேல் ஒட்டியிருந்த டாலி ஷீட்டைப் பார்த்தேன். கடைசி வரியில் அவருடைய கையெழுத்திலேயே, 'பாடம், ஷோர்ட் 1' என்று இருந்தது.

"நீங்களே வெட்டிப்போட்டு நீங்களே ஷோர்ட் எண்டு எழுதினா எப்பிடியக்கா?"

"குறைஞ்சது குறைஞ்சதுதானே. டாலி ஷீட்டில பொய் எழுத ஏலாது."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தேன். அலுமாரிக்கு மேலே நீல நைலோன் கயிற்றால் கட்டிய கபில நிறப் பெட்டி ஒன்று இருந்தது. துறைமுகத்தில் அவர் கணவரின் லொக்கரில் கிடந்த சாமான்களை வேலையிடத்தில் கட்டிக் கொடுத்தது. கயிற்றில் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. கொழும்பில் பெட்டி அக்கா திறக்காத பெட்டி ஒன்று இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"அதுக்கு லிஸ்ட் இல்ல," என்றார் அவர், நான் கேட்காமலே. "லிஸ்ட் இல்லாத பெட்டியத் திறக்கிற முறை இல்ல."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சரித்திரக் கூட்டம் கூடியது. கிருலப்பனையிலிருந்து சூட்டியின் பெரியப்பா வந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து மாமா, அதாவது அக்காவின் தம்பி வந்தார். நடுநிலைமை வகிக்க நான். மூன்று பேருக்கும் நடுவில் ஒரு தட்டு ரோல்ஸ்.

"யாழ்ப்பாணத்து அரசில இருந்து தொடங்குங்கோ. பிள்ளை தான் ஆர் எண்டு அறிய வேணும்," என்றார் பெரியப்பா.

"அண்ணே, அவ நம்ம கொட்டாஞ்சேனைப் புள்ள. போர்த்துக்கீசன் கப்பல்ல இருந்துதான் தொடங்கணும்," என்றார் மாமா.

"அப்ப கப்பல் வர முந்தி இஞ்ச ஆரும் இருக்கேல்லையோ?"

"இருந்தாங்க அண்ணே. மீன் புடிச்சாங்க. அத யாரு எழுதி வச்சது?"

ரோல்ஸ் தட்டுக் காலியானபோது பெரியப்பா பதின்மூன்றாம் நூற்றாண்டிலும் மாமா பதினாறாம் நூற்றாண்டிலும் நின்றார்கள். இருவரும் இறங்கி வருவதாக இல்லை. சூட்டி தரையில் நாலு புத்தகத்தையும் பரப்பி வைத்துக்கொண்டு பென்சிலோடு இருந்தாள். மூக்கைச் சொறிந்தாள்.

"அம்மா, இதில பாடம் ஒண்டு ஷோர்ட்."

யாரும் கவனிக்கவில்லை. மற்றப் புத்தகங்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள்.

"இதிலயும் பாடம் ஒண்டு ஷோர்ட். நாலிலயும் ஷோர்ட். ஆர் எடுத்தது?"

அச்சுப் பிழை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை நம்பிவிடுவாள். நானே சொல்ல வாயெடுத்தேன். பெட்டி அக்கா எழுந்துபோய், அலுமாரிக்குள் சேலைகளுக்குக் கீழேயிருந்து நாலு தாள்களையும் எடுத்து வந்தார்.

"அம்மாதான் எடுத்தது, மகள்."

"என்னத்துக்கு?"

"அதில அப்பாட்டக் கேக்கச் சொல்லியிருக்கு."

பெரியப்பா கையில் இருந்த கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தார். சூட்டி தாயைப் பார்த்தாள்.

"அப்பாட்டக் கேக்க ஏலாது அம்மா," என்றாள், தாய்க்குத் தெரியாமல் இருக்கலாம் என்று நினைத்தவள்போல மெதுவாக.

"ஏலாது, மகள்."

"அப்ப அப்பாட பெட்டியத் திறப்பம்." விரல் நேராக அலுமாரிக்கு மேலே காட்டியது. அவள் அதை எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அதுக்கு லிஸ்ட் இல்லையே."

"நாங்க எழுதுவம்."

பெட்டியை இறக்கியவர் பெரியப்பா. முடிச்சை அவிழ்த்தவர் மாமா. பெட்டி அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, சூட்டி எழுதினாள். மஞ்சள் ஹெல்மெட் 1. தண்ணிப் போத்தல் 1. கையுறை, வலது, 1. சின்னக் கொப்பி 1.

கொப்பியைத் திறந்தார் அக்கா. ஒவ்வொரு நாளும் வந்த கப்பல்களைப் பற்றிக் கணவர் அதில் குறித்து வைத்திருந்தார். 'பச்சைக் கப்பல், சீனா. சூட்டிக்குச் சொல்ல.' 'இன்றைய கப்பலில் மாலுமி ஒருவர் பூனை வளர்க்கிறார். சூட்டிக்குச் சொல்ல.' கடைசி வரி, 'சிவப்புக் கப்பல், மிகப் பெரிது, எங்கள் வீட்டைப்போல் இருபது. சூட்டிக்குச் சொல்ல.' அதைச் சொல்ல அவர் வீட்டுக்கு வரவில்லை. அக்கா சொன்னார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, ஆனால் ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். பிறகு பெரியப்பா, தன் தம்பி சின்னவயதில் பனையில் ஏறி இறங்கத் தெரியாமல் கத்தியதைச் சொன்னார். சூட்டி பிறந்த அன்று மச்சான் ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் ஏறி மூன்று தரம் தவறான மாடியில் இறங்கியதை மாமா சொன்னார். பதின்மூன்றாம் நூற்றாண்டும் பதினாறாம் நூற்றாண்டும் யாருக்கும் நினைவில் இல்லை.

சூட்டி அந்த லிஃப்ட்டைப் படமாகக் கீறினாள். பிறகு பட்டியலை முடித்துத் தாயிடம் நீட்டினாள். அடியில் இரண்டு வரி எழுதியிருந்தாள்.

'ஷோர்ட்: கையுறை 1.'

'ஷோர்ட்: அப்பா 1.'

பிழையான தாளில் பெட்டி அக்கா கையெழுத்து வைத்ததே இல்லை. இந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் வாசித்தார். பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார். பிறகுதான் தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுதார்கள், எட்டு மாதத்து அழுகையையும் சேர்த்து. நாங்கள் மூன்று பெரியவர்களும் ரோல்ஸ் தட்டைக் கழுவ ஒன்றாகச் சமையலறைக்குப் போனோம்.

மறுநாளே சரித்திரம் தொடங்கியது. முதலாம் பாடத்தைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். நாலு மாத ஆராய்ச்சிக்குப் பிறகு எடுபட்டது நான் வாங்கிக் கொடுத்த, அச்சு மங்கிய புத்தகம்தான். அட்டையில் கப்பல் இருக்கிறது என்று சூட்டி தெரிவு செய்தாளாம். என் தெரிவின் அருமை கடைசியில் ஒருத்திக்காவது விளங்கியதே என்று சந்தோஷப்பட்டேன்.

நான் அந்த அலுவலகத்தை விட்டு விலகிக் கொஞ்சக் காலமாகிறது. இப்போதும் வீட்டுக்குப் பார்சல் ஏதாவது வந்தால் நான் திறப்பதில்லை. மேசையில் அப்படியே வைத்துவிட்டு, லிஸ்ட் சரியா என்று ஒருக்கால் வந்து பாருங்கள் என்று பெட்டி அக்காவுக்குச் செய்தி அனுப்புவேன். எனக்கு எண்ணத் தெரியாமலில்லை, பார்சல் இருந்தால் அவர் வருவார்.