பண்டாரவளையில் என்ன கார் அதிகம்?

இலங்கையில் எந்த ஊரைப் பற்றியும் அந்த ஊர்க்காரனுக்கே பாடம் எடுக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பதுளையில்தான் இருக்கிறார். அவர் எந்த ஊருக்கும் போனதில்லை என்பது வேறு விஷயம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் அடுத்த ஊரான ஹாலிஎலை வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். அதனால் ஊர்கள்தான் அவரைத் தேடி வரவேண்டும். வரவும் வந்தன, காரில் ஏறி.

அவர் பெயர் கார் சோசியர். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும், எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாகனம் நிறுத்தும் இடத்தில் டிக்கட் கிழிப்பது அவர் உத்தியோகம். காக்கிச் சட்டை, காதில் பேனா, கழுத்தில் விசில். எதிரே இருந்த போட்டோகொப்பி கடையில் நான் இரண்டு வருசம் வேலை பார்த்தேன். மெஷின் சூடாகி மக்கர் பண்ணும் நேரமெல்லாம் எனக்குப் பொழுதுபோக்கு சோசியர்தான்.

அவருடைய சாத்திரம் ரொம்பச் சின்னது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கார் உண்டு.

"கொழும்புன்னா பிரியஸ். வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது. நுவரெலியான்னா மொரிஸ் மைனர், கம்பளி போத்தின கெழவனாட்டம் மெதுவா ஏறும். யாழ்ப்பாணம்னா பழைய ஒஸ்டின். அவங்க ஒரு சாமானையும் வீசமாட்டாங்க. வெலிமடைக்காரன் என்ன கார் வாங்கினாலும் டிக்கியத் தொறந்தா முட்டைக்கோவா எலை கெடக்கும். பாத்துக்க."

நம்பர் பிளேட்டில் மாகாண எழுத்து இருக்கிறதே, அதைப் பார்த்தே சொல்லலாமே என்று ஒருமுறை கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"பிளேட்டப் பாத்துச் சொல்ல சோசியன் எதுக்கு? ஒருத்தன் விக்கிறான், ஒருத்தன் வாங்குறான், பிளேட்டு அப்படியேதானே இருக்கு? காரோட நடத்தையப் பாக்கணும் புள்ள, நடத்தைய!"

ஒருநாள் டை கட்டிய ஒரு கனவான் பிரியஸிலிருந்து இறங்கினார். சோசியர் ஓடிப்போய், "கொழும்புல மழையாங்க ஐயா?" என்றார். அவர், "நான் பசறைங்க" என்றார். பசறை பக்கத்து ஊர். வேறு ஆளாக இருந்தால் அசடு வழிந்திருப்பான். சோசியர் காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கார் கொழும்பு, நீங்க பசறை. ரெண்டு பேரும் ஒத்துப் போறீங்களா?" என்று அக்கறையோடு விசாரித்தார்.

ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் ஒருமுறை அவரோடு மல்லுக்கு நின்றார்.

"எங்கட ஊரில இப்ப முழுக்கப் புதுக் கார்தான் ஓடுது. ஒஸ்டின் ஒண்டு ரெண்டுதான் மிச்சம்."

"ஐயா ஊருக்குப் போய் எவ்வளவு நாளாச்சு?"

"போன கிழமைதான் போயிட்டு வந்தனான்."

"அவசரத்துல சரியாப் பாத்திருக்க மாட்டீங்க."

டொக்டர் அதற்குப் பிறகு வண்டியை வேறு இடத்தில் நிறுத்தத் தொடங்கினார். சோசியர் தன் வாயால் "நான் சொன்னது பிழை" என்று சொல்லிப் பதுளையில் ஒருத்தரும் கேட்டதில்லை.

ஆனால் சாயந்திரம் நான் வீட்டுக்குப் போகும் லுணுகலை பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட் பிடித்து வைப்பது அவர்தான். உள்ளே ஏறமாட்டார், வாந்தி பயம். வெளியில் நின்றே ஜன்னல் வழியாக டிக்கட் புத்தகத்தைச் சீட்டில் போட்டு வைப்பார். நான் ஏறி உட்கார்ந்ததும் கையை நீட்டி வாங்கிக்கொள்வார். அந்த நன்றிக்காக அம்மா, தான் கொழுந்து பறிக்கும் தோட்டத்தில் மாசாமாசம் கொடுக்கும் தேயிலைத்தூளில் அரைக்கிலோவை அவருக்கென்று எடுத்து வைப்பாள். வினை அந்தத் தூளில்தான் வந்தது.

தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் எடுக்கும் நேர்முகத் தேர்வுக்கு எனக்குக் கடிதம் வந்திருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு, பதுளையில். காலையிலேயே ஃபைலும் தேயிலைத்தூள் பையுமாகக் கிளம்பினேன். பசறை தாண்டியதும் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. வழியில் நின்ற என்னை ஒரு கார் ஏற்றிக்கொண்டது. வயசான சிங்களத் தம்பதி, நல்ல மனிதர்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கும்பிட்டு நன்றி சொல்லி, தூள் கொட்டிவிடக் கூடாதே என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். கடந்த பிறகுதான் தெரிந்தது. தூள் இருக்கிறது, ஃபைல் காரோடு போய்விட்டது.

கொப்பி வேண்டுமென்றால் நூறு எடுக்கலாம், கடையே என் கையில்தான். நேர்முகத் தேர்வில் கேட்டது அசல். பேர்த் சர்டிபிகேட், பரீட்சைப் பெறுபேறு, எல்லாமே அதற்குள். என் போன் நம்பர் மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

அழுதுகொண்டே சோசியரிடம் ஓடினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"எனக்குக் கொண்டாந்த தூளாலயா போச்சு?"

"ஆமாண்ணே."

"சரி, அழாத. என்ன கார்?"

"வெள்ளை வேகன் ஆர்."

அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. வெள்ளை வேகன் ஆர் ஓடாத ஊர் எது? ஆனாலும் சோசியர் சோசியர்தானே.

"சீட்டுல பொலித்தீன் கவர் கழட்டாம இருந்துச்சா?"

"ஆமா."

"முன்னுக்குப் பூ?"

"பிளாஸ்டிக் பூ."

"வளைவுல ஹோர்ன் அடிச்சாரா?"

"ஒவ்வொரு வளைவுலயும்."

"பண்டாரவளை!" என்று தொடையில் தட்டினார்.

"அவங்க பசறைப் பக்கமிருந்துல்ல வந்தாங்க?"

"வந்த எடம் வேற, சொந்த எடம் வேற. கார் எப்படியும் வீட்டுக்குத்தான் போகும். வா!"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அசையாத மனிதர், டிக்கட் கூண்டைப் பூட்டிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு பண்டாரவளை ரோட்டுக்கு நடந்தார். அங்கே விசிலும் கையுமாக நின்றார். எல்லாக் காரையும் நிறுத்தினாரா என்றால், அதுதான் இல்லை. என் கண்முன்னாலேயே வெள்ளை வேகன் ஆர்கள் போய்க்கொண்டிருந்தன.

"இது மஹியங்கனை, போகட்டும். இது மொனராகலை. ஜன்னல் நாலும் தொறந்திருக்கு பாரு, வெக்கை ஊரு."

"அண்ணே, நிப்பாட்டித்தான் பாருங்களேன்!"

"சும்மா இரு புள்ள. எனக்குத் தெரியாதா?"

அவர் கணக்கில் பண்டாரவளை என்று தேறியவை மூன்று. ஒன்றில் நாய் குரைத்தது. ஒன்றில் ஒருவரும் தமிழோ சிங்களமோ பேசவில்லை, வெள்ளைக்காரர்கள். மூன்றாவது ஆள் இவருடைய காக்கியையும் டிக்கட் புத்தகத்தையும் பார்த்துவிட்டு, "ஓடுற காருக்குமா டிக்கட்?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

பன்னிரண்டு மணியானது. நான் மதகில் உட்கார்ந்துவிட்டேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அந்த பேர்த் சர்டிபிகேட்டுக்கு எங்கப்பா எத்தனை வருசம் அலைஞ்சாரு தெரியுமா? ஆபீசுக்கு வந்த ஒவ்வொரு தடவையும் நாளைக்கு வா, நாளைக்கு வான்னு வெரட்டினாங்க. நான் டீச்சராவேன்னு தோட்டமே பாத்துக்கிட்டு இருக்கு. உங்களுக்கு உங்க சோசியம்தான் பெருசு!"

அவர் வாயிலிருந்த விசில் நழுவி நெஞ்சில் தொங்கியது. இன்னொரு வெள்ளை வேகன் ஆர் எங்களைத் தாண்டிப் போனது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி, நான் பண்டாரவளைக்குப் போனதே இல்ல."

"தெரியும்ணே."

"அந்த ஊருக் காரைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நான் சொன்னது பிழை. எல்லாம் நானாக் கட்டிக்கிட்டது." காக்கியிலேயே பிறந்தவர்போல் என்றுமே நிமிர்ந்து நிற்பவர், கூனிப்போய் நின்றார். "வா, எல்லா ரோடும் சேர்ற எடத்துல போய் நிப்போம்."

எனக்கு அழுகையே நின்றுவிட்டது. ஐயோ, ஏன் அப்படிக் கேட்டோம் என்றாகிவிட்டது.

பஸ் ஸ்டாண்ட் சந்தியில் நட்டநடு ரோட்டில் போய் நின்று விசிலை ஊதினார் பாருங்கள்! வெள்ளை வேகன் ஆர் எல்லாம் நின்றது. பிறகு வெள்ளைக் கார் எல்லாம் நின்றது. கடைசியில் ஒரு வெள்ளை ஐஸ்கிரீம் வேனும் நின்றது. பொலிஸ்காரர் ஓடிவந்தார்.

"என்னப் புடிச்சுட்டுப் போங்க சேர், ரெண்டு மணிக்குப் பொறகு" என்றார் சோசியர்.

கதையைக் கேட்ட பொலிஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தானும் ஒரு பக்கம் மறிக்க ஆரம்பித்தார்.

ஒன்றே கால் மணிக்கு அந்தக் கார் வந்தது. நிறுத்துவதற்கு முன்பே அந்த அம்மா ஜன்னல் வழியாக என் ஃபைலை ஆட்டிக் காட்டினார். ஆஸ்பத்திரி கிளினிக் முடிந்து வருகிறார்களாம். பத்து மணிக்கே என்னைத் தேடி வாகனம் நிறுத்தும் இடத்துக்கு வந்தார்களாம். கூண்டு பூட்டியிருந்ததாம், விசாரிக்க ஒரு ஆள் இல்லையாம். பெரியவர் சிங்களத்தில் அலுத்துக்கொண்டார். சோசியர் தலையைக் குனிந்துகொண்டு மரியாதையாகக் கேட்டார்.

"எந்த ஊருங்க மாத்தயா?"

"பிபிலை."

பண்டாரவளைக்கு நேர் எதிர்ப்பக்கத்து ஊர். சோசியர் தலையாட்டினார். ஃபைலைச் சட்டையில் துடைத்து என் கையில் கொடுத்து, "ஓடு" என்றார்.

வேலை கிடைத்தது. ஆனால் சோசியர் அன்றோடு சோசியத்தை விட்டுவிட்டார். யாராவது, "சோசியரே, இது எந்த ஊரு?" என்று வம்புக்கு இழுத்தால், "பிளேட்டப் பாருங்க" என்று டிக்கட்டைக் கிழித்து நீட்டினார். என் சர்டிபிகேட் கிடைத்துவிட்டது, அவருடையதை நான் தொலைத்துவிட்டேன்.

எனக்குப் பாடசாலை கிடைத்தது பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில். போன முதல் வாரமே அவருக்குக் கோல் எடுத்தேன்.

"அண்ணே, பண்டாரவளை டவுன்ல நின்னு நல்லாப் பாத்தேன்."

டிக்கட் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"எங்க பாத்தாலும் வெள்ளை வேகன் ஆர்தாண்ணே. சீட்டுல பொலித்தீன் கவர், முன்னுக்கு பிளாஸ்டிக் பூ. வளைவுக்கு வளைவு ஹோர்ன் வேற, காது கிழியுது."

டிக்கட் கிழிக்கும் சத்தம் நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எல்லாமா?"

"எல்லாம்ணே."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே புள்ள! அந்த பிபிலை மாத்தயா பண்டாரவளையில இருந்துதான் வாங்கியிருப்பாரு! நடத்தை மாறுமா?"

அடுத்த நாளே பார்க்கிங்கில் பழையபடி கச்சேரி தொடங்கிவிட்டதாகக் கடையில் சொன்னார்கள்.

அந்த வாரம் நான் டவுன் பக்கமே போகவில்லை. பண்டாரவளையில் என்ன கார் அதிகம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, எண்ணிப் பார்க்கவும் மாட்டேன். எனக்காக ஒரு தடவை பிழை என்று சொன்ன மனிதர், மிச்ச நாளெல்லாம் சரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.