நாக்குக்கு மூன்று மாத லீவு

காலை பத்தரை மணிக்குள் நாக்குக்காரர் பல் தேய்த்தது அது நான்காவது தடவை.

பிஸ்கட் ஃபேக்டரியின் ஆண்கள் கழிப்பறையில், சொட்டுகிற குழாய்க்கு முன்னால் குனிந்து நின்று, வாயெல்லாம் நுரையாக அவர் தேய்த்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, ஆசை வந்துச்சா?"

"வந்த்து."

"பல்லு தேச்சீங்களா?"

"தேச்ச்ட்டுத்தான் இர்க்கேன்."

"நல்லா தேய்ங்க. வாயில பேஸ்ட் வாசனை இருக்கற வரைக்கும் இனிப்பு பக்கம் மனசு போகாதாம். நாலு மணிக்கு மறுபடியும் கூப்பிடறேன்."

மனசு போகாது, சரி. ஆனால் உடம்பு போயாக வேண்டுமே! மாடியில் அவருடைய அறையில் ஒரு தட்டும், தட்டில் நாலு பிஸ்கட்டும், பக்கத்தில் ஒரு பதிவேடும் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தன. ருசி பார்த்து எழுதுவதுதான் அவருக்கு இருபத்திரண்டு வருஷமாக வேலை. அடுப்பிலிருந்து இறங்குகிற சரக்கு எதுவானாலும் முதலில் அவர் நாக்கில் பட வேண்டும். அவர் கையெழுத்து விழாமல் ஒரு பாக்கெட்கூட வாசலைத் தாண்டாது. அதனால்தான் முதலாளியம்மாவிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் அவர் நாக்குக்காரர்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் டாக்டரம்மா அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடியும் பார்த்தார்.

"மாவும் சர்க்கரையும் மூணு மாசத்துக்கு உங்க உதட்டைத் தாண்டக் கூடாது. முட்டை, மீன், கீரை, வெள்ளரிக்காய், பாதாம். அவ்வளவுதான். குறையலேன்னா தினம் ரெண்டு வேளை ஊசி."

ஊசி என்ற சொல் காதில் விழுந்ததும் நாக்குக்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அடுத்தவருக்குப் போடுகிற ஊசியைப் பார்த்தே மயங்கி விழுகிற ஜாதி அவர்.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஆபீஸ்ல... எழுதற வேலை."

முழுப் பொய் இல்லை. பதிவேட்டில் எழுதத்தானே செய்கிறார்?

மேனேஜரிடம் உண்மையைச் சொல்லவும் வழி இல்லை. நீச்சல் தெரியாதவரை நீச்சல் குளத்துக்குக் காவல் வைப்பார்களா? சர்க்கரை தின்னக் கூடாத நாக்கை வைத்துக்கொண்டு பிஸ்கட் கம்பெனி என்ன செய்யும்? ஐம்பத்து மூன்று வயதில், 'நாக்கு மட்டும் நன்றாக வேலை செய்யும்' என்று சொல்லிக்கொண்டு வேறு எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது?

வாயைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினார். பிஸ்கட்டின் ஓரத்தைக் கொசு கடிக்கிற அளவுக்குக் கடித்தார். நாக்கு நுனியில் வைத்துச் சட்டென்று துடைத்தார். பதிவேட்டில் எழுதினார்: 'லேசான கசப்பு. மருந்து நெடி.'

அரை மணி நேரத்தில் அடுப்பு நின்றது. மாவு பிசைகிற மேஸ்திரி ஆவி பறக்க மாடி ஏறி வந்தார்.

"என் மாவுல மருந்தா? பதினெட்டு வருஷமா பிசையறேன், ஒரு எறும்பு விழுந்திருக்குமா?"

பின்னாலேயே வந்த மேனேஜர் அவரைக் கையமர்த்தினார். "நாக்குக்காரர் சொன்னா சொன்னதுதான். தொட்டியை எல்லாம் வெந்நீர் ஊத்திக் கழுவுங்க."

கழுவினார்கள். ஏழு பேர் முழங்கால் வரைக்கும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் தொட்டி தொட்டியாகத் தேய்த்தார்கள். மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த நாக்குக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கசந்தது மாவு இல்லை, பேஸ்ட்!

மறுநாளிலிருந்து பேஸ்டை வீட்டிலேயே விட்டுவிட்டார். புதுத் திட்டம் ஒன்று கையில் இருந்தது. மெல்லுவது, ருசி பார்ப்பது, துப்புவது. விழுங்கினால்தானே பத்தியம் கெடும்? கதவைத் தாழிட்டு, ஒரு பிளாஸ்டிக் குவளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மென்றார். ஆஹா! பன்னிரண்டு நாளாக வெள்ளரிக்காயைத் தவிர வேறு நாதியில்லாமல் கிடந்த வாய்க்குள் வெண்ணெயும் சர்க்கரையும் கல்யாண ஊர்வலம் மாதிரி நுழைந்தன. கண் தானாக மூடிக்கொண்டது. துப்பலாம் என்று குவளையை எடுத்தபோது வாயில் ஒன்றுமே இல்லை. எப்போது உள்ளே போயிற்று என்பது தொண்டைக்கே வெளிச்சம்.

"சரி, இது பழக்கமில்லாததால வந்தது," என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டாவதை எடுத்தார். நாலாவது பிஸ்கட்டும் போனபிறகு பார்த்தால், குவளை வாங்கி வந்தபோது இருந்ததைப் போலவே பளபளவென்று இருந்தது.

சாயங்காலம் மனைவி அவர் விரலைக் குத்திச் சோதனை செய்தாள். அந்தக் குத்தலுக்கே அவர் கண்ணை இறுக்கி மூடி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

"ஏங்க, இவ்வளவு ஏறியிருக்கு?"

"மத்தியானம் வெள்ளரிக்காய் கொஞ்சம் இனிப்பா இருந்துச்சு."

மனைவி சோதனைக் கருவியைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து அவர் சட்டைக் காலரை முகர்ந்தாள். "வெண்ணெய் வாசனை அடிக்குது."

"ஃபேக்டரி பூரா அந்த வாசனைதானே?"

"இது பக்கத்துல நின்ன வாசனை இல்ல. நெருங்கிப் பழகின வாசனை." அவள் காலரை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ஊசி பையை நான் சுமந்துக்கறேன். ஆனா நீங்க ஒவ்வொரு தடவையும் மயங்கி விழுந்தா, உங்களையும் நானேதான் தூக்கணும். அதை யோசிச்சுப் பாத்தீங்களா?"

அன்றைக்கு நாக்குக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி தன் நாக்கை நம்பிப் பயனில்லை. வாடகைக்கு ஒரு நாக்கு வேண்டும்.

முதலில் பேக்கிங் செக்ஷன் அக்காவைக் கேட்டார். "சும்மா ஒரு வாய் போட்டுப் பாருங்கக்கா."

"நல்லாத்தான் இருக்கு."

"இதுல உப்பு தூக்கலா இல்ல?"

"ஆமா, உப்பு தூக்கல்தான்."

"இல்ல, கம்மியா?"

"நீங்க சொன்னா கம்மிதான் சார். இன்னொண்ணு இருக்கா?"

அந்த நாக்கு தேறவில்லை. அப்போதுதான் கேன்டீன் வாசலில் மேனேஜரின் டிரைவர் ஒரு வாய் டீயைக் குடித்துவிட்டு, "இது நேத்துப் பால்," என்று சொல்லிக் கீழே வைத்தது அவர் கண்ணில் பட்டது. கேன்டீன்காரர் வாயைத் திறக்கவில்லை. ஆக, நேற்றுப் பால்தான்!

நாக்குக்காரர் டிரைவரைக் கார் ஷெட்டுக்குப் பின்னால் ஓரங்கட்டினார். "அண்ணே, ஒரு உதவி. தினம் இந்தப் பொட்டலத்தை உங்ககிட்ட குடுப்பேன். இனிப்பு, உப்பு, மொறுமொறுப்பு, வாசனை, நாலும் எப்படி இருக்குன்னு மத்தியானம் எனக்குச் சொல்லணும். வெளியில மூச்சு விடக் கூடாது."

டிரைவர் பொட்டலத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்கு சார்?"

"ஒரு ரெண்டாவது அபிப்பிராயத்துக்கு."

"சரி, ஆகட்டும்," என்று வாங்கிக்கொண்டார் டிரைவர்.

மேனேஜர் தினமும் பதினொரு மணிக்குத் தலைமை அலுவலகம் கிளம்பி, இரண்டு மணிக்குத் திரும்புவார். காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் டிரைவர் நேராக மாடிப்படி அடிக்கு வந்தார்.

"முதல் கடியில மொறுமொறுப்பு இருக்கு சார். ரெண்டாவது கடியில நமத்துப்போச்சு. வெண்ணெய் வாசனை வருது, ஆனா நிக்க மாட்டேங்குது. போன வாரச் சரக்கு இதைவிடத் தேவலை."

நாக்குக்காரர் அசந்துபோனார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர்கூட 'நிக்க மாட்டேங்குது' என்று எழுதியதில்லை. கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஸ்டியரிங் பிடிக்கிற ஆளுக்கு இப்படி ஒரு நாக்கா! அப்படியே பதிவேட்டில் ஏற்றினார்.

மறுநாள் மேனேஜரே அறைக்கு வந்துவிட்டார். நாக்குக்காரர் பதிவேட்டைச் சட்டென்று மூடினார்.

"எப்படிய்யா உங்களுக்கு மட்டும் தோணுது? வெண்ணெய் வாசனை நிக்க மாட்டேங்குது! அச்சு அசல் என் மனசுல இருந்ததை எழுதியிருக்கீங்க!"

"ஏதோ... பழக்கம் சார்."

இப்படியே மூன்று வாரம் ஓடியது. ஒரே ஒரு நாள்தான் டிரைவர் தலையைச் சொறிந்தார். "இன்னைக்கு ஒண்ணும் சொல்ல முடியலை சார். போன் பேசிக்கிட்டே தின்னாச்சு." அதற்கென்ன, அன்றைக்குப் 'பரவாயில்லை' என்று எழுதிவிட்டார். மற்ற நாளெல்லாம் டிரைவர் சொல்லச் சொல்ல எழுத்து மணத்தது. வீட்டில் சர்க்கரை இறங்கியது. மனைவி காலரை முகர்வதை நிறுத்தினாள். நாலு மணிக்கு ஆசை வரும்போது பென்சிலைக் கடித்தார். மூன்று வாரத்தில் ஆறு பென்சில் போயிற்று, அவ்வளவுதான் நஷ்டம்.

விஷயம் அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. மேனேஜர் போகிற இடமெல்லாம் நாக்குக்காரரின் புகழ் பாட ஆரம்பித்தார். அந்தப் புகழ் முதலாளியம்மாவின் காதுக்குப் போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலை முன்னறிவிப்பே இல்லாமல் அவரே வந்து இறங்கினார்.

மேனேஜர் அறையில் நீள மேஜை. வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் இரண்டு தட்டு. ஒரு பக்கம் முதலாளியம்மா, இன்னொரு பக்கம் மேனேஜர். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. பல் டாக்டர் நாற்காலி மாதிரி அது நாக்குக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உக்காருங்க," என்றார் முதலாளியம்மா. "ரெண்டும் புது பிஸ்கட். ஒண்ணு இடது, ஒண்ணு வலது. எது ஓடும்னு நீங்க சொல்றீங்களோ, அதுக்குத்தான் புது அடுப்பு. மூணு ஃபேக்டரிக்கும் உங்களையே தலைமையா போடலாம்னு இவர் சொல்றார். அதுக்கு முன்னால நான் என் கண்ணால பாக்கணும்."

"நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலை மேடம்," என்றார் மேனேஜர் பெருமையாக. "நான் ரெண்டையும் இன்னும் தொட்டுக்கூடப் பாக்கலை. சுத்தமா அவர் நாக்குதான்."

நாக்குக்காரர் உட்கார்ந்தார். இரண்டு தட்டிலும் நெய் பூசின மாதிரி மின்னிக்கொண்டு தலா ஆறு பிஸ்கட். வாயில் ஊற்றெடுத்தது. ஒன்றைத் தின்றால் ஒன்றோடு நிற்காது என்பது அவருக்கும் அந்தப் பிளாஸ்டிக் குவளைக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். நாளைக்குப் பரிசோதனை. டாக்டரம்மா ஊசியைத் தட்டிக் காற்றுக் குமிழி எடுப்பது கண்முன் வந்தது. தின்னாவிட்டாலோ, இருபத்திரண்டு வருஷ வேலை.

"என்ன யோசனை?" என்றார் முதலாளியம்மா.

"மேடம்..." நாக்குக்காரர் எழுந்தார். எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் ஒரு பொய் வாயில் வந்து உட்கார்ந்தது. "இங்க ஏசி ஓடுது. குளிர்ல நாக்கு மரத்துப்போகும். நான் எப்பவும் வெளிக்காத்துல வெச்சுத்தான் பாக்கறது. ஒரு அரை மணி நேரம் குடுத்தீங்கன்னா..."

முதலாளியம்மா புருவத்தை உயர்த்தினார். மேனேஜர் முன்னால் சாய்ந்து, "அதுதான் மேடம் தொழில்!" என்று கிசுகிசுத்தார்.

"அரை மணிதான்."

இரண்டு தட்டிலிருந்தும் இரண்டிரண்டை எடுத்துத் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, இடது வலது என்று எழுதிக்கொண்டு, நாக்குக்காரர் குடல் தெறிக்க ஓடினார். பாதிப் படியில் செல்போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, மூச்சு வாங்குது? ஆசை வந்துச்சா?"

"வேலையே போகப்போகுது, வை போனை!"

கார் ஷெட்டில் டிரைவர் பக்கெட்டில் துணியை நனைத்துக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! சீக்கிரம்! இது இடது, இது வலது. எது நல்லாயிருக்கு? ரெண்டு வார்த்தை போதும்!"

டிரைவர் பொட்டலங்களைப் பார்த்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். வாங்கவில்லை.

"இப்ப முடியாதே சார்."

"முடியாதா? அண்ணே, என் பிழைப்பு போயிடும். முதலாளியம்மா மேல உக்காந்திருக்காங்க!"

"எனக்குப் புரியுது சார். ஆனா மேனேஜர் ஐயா கீழ வரணுமே."

"அவர் எதுக்கு வரணும்? அவருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இந்தாங்க, வாயைத் திறங்க!"

டிரைவர் இரண்டடி பின்னால் போய், கார்க் கதவில் சாய்ந்துகொண்டார்.

"எனக்குத்தான் பத்து வருஷமா சுகராச்சே சார்! நீங்க குடுக்கறதை பின்சீட்டுல வெச்சிடுவேன், ஐயா தின்னுக்கிட்டே என்னென்ன முணுமுணுக்கறாரோ, அதைத்தானே தினம் உங்ககிட்ட வந்து ஒப்பிச்சிட்டிருந்தேன்?"