முத்திரை அடியில் ஓர் இருமல்

ஊஞ்சல் பாட்டின் கடைசிக் கண்ணி வந்தது. கல்யாணப் பந்தலில் மாமனாருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த ஐயம்பெருமாள் பிள்ளை, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். பாட்டைக் கட்டியவருடைய பெயர், அதாவது முத்திரை, அந்தக் கண்ணியில்தான் வருகிறது. கட்டியவர் அவரே.

பெண்கள் கூடத்திலிருந்து பாட்டுக்காரி கோமுவின் குரல் கணீரென்று எழுந்தது.

"பொருநையங் கரையில்... க்கும், க்கும்... புனைந்த தமிழ்கொண்டு ஆடீர் ஊஞ்சல்."

ஐயம்பெருமாள் என்று இருக்க வேண்டிய இடத்தில் இருமல் இருந்தது.

மாமனார் பாபநாசம் பிள்ளை வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார். "எங்கவே மாப்ள உம்ம பேரு? நானும் காதைத் தீட்டிக்கிட்டுல்லா இருக்கேன்."

"அந்த நேரம் பாத்து அவளுக்கு இருமிட்டு மாமா."

"அப்பம் பேரு வரல, இருமல் வந்துதுன்னு சொல்லும்."

டில்லியில் முடிசூட்டு தர்பார் நடந்த மறுமாதம், தையில், சேரன்மகாதேவியில் நடந்த கல்யாணம் அது. மணப்பெண் பாலம்மாள், பாபநாசம் பிள்ளையின் கடைசி மகள். மூத்த மகள் பிரம்மநாயகியைத்தான் ஐயம்பெருமாள் பிள்ளைக்குக் கொடுத்திருந்தார். இவர் திருநெல்வேலி டவுணில் தமிழாசிரியர். பிழையின்றிப் பாட்டுக் கட்டுவார். கட்டிய பாட்டெல்லாம் பெட்டியில் தூங்கின. "உம்ம பேரை ஒரு பாட்டுல என் காதால கேக்கட்டும்வே. பாளையங்கோட்டையில அச்சுப் போடுத செலவு என்னைச் சேந்தது" என்று மாமனார் நாலு பேர் முன்னிலையில் வாக்குக் கொடுத்திருந்தார். அச்சிட்ட புத்தகத்தின் முகப்பில் தம் பெயரை ஐயம்பெருமாள் பிள்ளை அன்றிலிருந்தே மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்காகவே ஆழ்வார்திருநகரியிலிருந்து கோமுவை வண்டி அனுப்பி வரவழைத்தார்கள். கோமுவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால், ஒருமுறை காதில் வாங்கியதை ஏற்ற இறக்கம் பிசகாமல் அப்படியே திருப்பிக் கொடுப்பாள் என்பது பொருநையின் இரு கரையிலும் அவளுக்கு இருந்த பெயர். பெண்கள் கூடத்தில் ஆண்பிள்ளை போய்ப் பாடம் நடத்துவது முறையன்று. ஆகவே பிரம்மநாயகிதான் பாட்டுத் தாளை உள்ளே கொண்டுபோய் அவளுக்குப் பாடம் ஏற்றினாள்.

அன்று மாலை ஐயம்பெருமாள் பிள்ளை மனைவியைக் கொட்டிலருகே நிறுத்திக் கேட்டார்.

"ஒழுங்காச் சொல்லிக் குடுத்தியா?"

பிரம்மநாயகி கால்விரலால் தரையில் கோடு கிழித்தாள். "சொல்லக்கூடியதை எல்லாம் சொல்லிட்டேன்."

"பின்னே ஏன் இருமுதா? பொறாமை. என் பேரு வந்துட்டா பாட்டு என்னுதாப் போயிருமேன்னு பாக்கா."

"பாவம், அவளை வையாதீங்க. தொண்டை கட்டியிருக்கும்."

சுக்கும் திப்பிலியும் பனங்கற்கண்டும் உள்ளே போயின. கோமு அவ்வளவையும் தின்றுவிட்டு, இந்த வீட்டில் பாட்டுக்காரிக்கு நடக்கும் உபசாரம் வேறு எங்கும் நடக்காது என்று சொன்னாளாம்.

ஐயம்பெருமாள் பிள்ளை அத்துடன் நிற்கவில்லை. பாடிப் பாடிக் களைத்த தொண்டைதான் கடைசியில் இருமும் என்று தீர்மானித்து, நலங்குப் பாட்டில் தம் பெயரை முதல் அடிக்கே கொண்டுவந்தார்.

"இதை உன் தங்கச்சிமார்ல யாருகிட்டயாவது குடு. அவளுகளே சொல்லிக் குடுக்கட்டும்."

"எங்க வீட்டுப் பாட்டை இன்னொருத்தி சொல்லிக் குடுக்கவா? நல்லாருக்கே. நானேதான் சொல்லுவேன். உங்க பேரு ஊரெல்லாம் கேக்கணும்னு உங்களைவிட எனக்குத்தான் ஆசை." அதைச் சொல்லும்போது அவள் முகம் சிவந்தது. "இந்தத் தடவை அவளே புரிஞ்சுக்கிடுவா."

மறுநாள் காலையில் நலங்கு தொடங்கியது.

"க்கும், க்கும்... இசைத்திடும் தமிழில் நலங்கிட வாரீர்" என்று எடுத்த எடுப்பிலேயே கோமு இருமினாள்.

"இருமல் முன்னாலயே வந்துட்டுவே" என்றார் பாபநாசம் பிள்ளை. "உம்ம பேருக்கும் அவ தொண்டைக்கும் ஏதோ ஆகல. ஆனா பாட்டு பிரமாதம். கோமு பாட்டுன்னா கோமு பாட்டுதான்."

ஐயம்பெருமாள் பிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டார். "அது கோமு பாட்டு இல்ல மாமா. அவ வாய்க்கா. தண்ணி ஆத்துது. தண்ணிய வாய்க்காலுக்குச் சொந்தம்னு சொல்லலாமா?"

மாமனார் நஞ்சை நிலம் வைத்திருப்பவர். "வாய்க்கா இல்லன்னா உம்ம ஆத்துத் தண்ணி நேரே கடலுக்குல்லாவே போகும்? என் வயலுக்கு எப்படி வரும்?"

வாதத்தில் தோற்ற பண்டிதர்கள் செய்வதை அவரும் செய்தார். புதிதாக ஒரு பாட்டு எழுதினார். இம்முறை பெயரைப் பல்லவியிலேயே வைத்தார். பல்லவியைப் பாடகி ஒவ்வொரு கண்ணிக்குப் பின்னும் திரும்பப் பாட வேண்டும். கூடியிருக்கும் பெண்கள் அத்தனை பேரும் உடன் பாடுவார்கள். ஒருத்தி இருமினாலும் மற்ற வாய்கள் அவர் பெயரைச் சொல்லத்தானே வேண்டும்?

அதையும் பிரம்மநாயகியே உள்ளே கொண்டுபோனாள். மாலையில் கோமு பல்லவியை எடுத்தாள். உரிய இடத்தில் இரண்டு இருமல் இருமினாள். கோமு பாடுவதுதான் பாட்டு என்று நம்பிய பெண்கள், தாளம் தப்பாமல் எல்லோருமாக இருமினார்கள். கண்ணிக்குக் கண்ணி இருமல் வலுத்தது. குழந்தைகளுக்கு அது மிகவும் பிடித்துப்போய்ப் பாட்டை விட்டுவிட்டு இருமலை மட்டும் வைத்துக்கொண்டு பந்தலைச் சுற்றி ஓடினார்கள்.

புதுமாப்பிள்ளையின் தாயார் பார்வதியம்மாள் தன் பேரப்பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டு பந்தலுக்கே வந்துவிட்டாள்.

"சம்பந்தி, வீட்டுல கக்குவான் இருமல் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாங்க கைப்பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்திருக்கோம். வண்டியைப் பூட்டச் சொல்லுங்க."

தாலி ஏறியாகிவிட்டது; சம்பந்தி விருந்துதான் பாக்கி. இலை போடும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்காமல் புறப்பட்டுப் போனால், பாபநாசம் பிள்ளை பிறகு சேரன்மகாதேவித் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

"மாப்ள" என்றார் அவர். குரலில் கேலி போயிருந்தது. "உம்ம புஸ்தகமும் வேண்டாம், அச்சும் வேண்டாம். எம்மவ கல்யாணத்தை இருமியே கலைச்சுப்புட்டீரே."

ஐயம்பெருமாள் பிள்ளை எழுந்தார். முறையாவது ஒன்றாவது என்று பெண்கள் கூடத்தை நோக்கி நடந்தார். பின்னாலேயே மாமனாரும் சம்பந்தியம்மாளும் வந்தார்கள். வாசலில் பிரம்மநாயகி குறுக்கே நின்றாள்.

"இங்கன பாருங்க. உள்ள போவாதீங்க. நான் பைய அவகிட்டச் சொல்லுதேன்."

"நீ சொன்னது போதும். தள்ளு."

கோமு மடியில் பூவும் கையில் வெற்றிலையுமாகச் சாவகாசமாக இருந்தாள். அவரைக் கண்டதும் மரியாதையாக எழுந்தாள்.

"ஏம்மா, பாட்டைக் கட்டினவன் பேரை முழுங்கிட்டுப் பாட்டை மட்டும் பாடுதியே, இது நியாயமா? பேரைச் சொன்னா உன் குரல் தேஞ்சா போகும்?"

கோமு விழித்தாள். "பேரா? என்ன பேரு ஐயா? இந்தப் பாட்டுகள்ல எங்கயும் யாரு பேரும் இல்லியே."

"இல்லியா? மூணு பாட்டுலயும் இருக்கு. நீ இருமுத எடமெல்லாம் அதுதான்."

பிரம்மநாயகி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். கோமு அவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு தன் தொழிலுக்கு வந்த பழியைத் துடைக்கிறவளாக நிமிர்ந்து சொன்னாள்:

"கேட்டதைக் கேட்டபடி பாடுதவ ஐயா நான், உங்க வீட்டம்மா சொல்லிக் குடுக்கையில அந்த எடம் வந்தாலே தலையைக் குனிஞ்சு ரெண்டு இருமல் இருமினாக, நானும் ரெண்டு இருமினேன்."