டிராகன் வாய் திறந்த நாள்

"உன் தம்பி பெட்டியைத் தூக்கிக்கிட்டு வெளியில போற வரைக்கும் நான் ஓயப் போறதில்ல!" என்று அவர் ஒரு திங்கட்கிழமை காலையில் மனைவிக்கு எதிராகச் சபதம் செய்தார். சபதம் செய்த இடம் குளியலறை. குழாய் வேறு திறந்திருந்தது. அதனால் வீட்டில் ஒருவர் காதிலும் விழவில்லை. விழுந்திருந்தால் மட்டும் என்ன? அவர் பேச்சைக் கேட்டு அந்த வீட்டில் ஒரு நாற்காலிகூட நகர்ந்ததில்லை.

இத்தனைக்கும் அவருக்குச் சோறு போடுவதே அந்த வாய்தான். ஒன்பது வருஷமாக வாராவாரம் ஓடிக்கொண்டிருந்த 'கருங்கோட்டை' என்ற மாயாஜாலத் தொடரில் டிராகனுக்குக் குரல் கொடுத்தவர் அவர்தான். குரல் என்றதும் வசனம் என்று நினைத்துவிடாதீர்கள். உறுமல். பசி உறுமல், கோப உறுமல், இளவரசி முதுகில் ஏறும்போது ஒரு பாச உறுமல், இறங்கும்போது ஒரு பிரிவு உறுமல். தெருவில் அவருடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது. 'உறுமல்காரர் வீடு எது?' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

ஒன்பது வருஷத்தில் ரெக்கார்டிங் டைரக்டரிடம் அவர் கேட்ட வரம் ஒன்றே ஒன்று.

"சார், ஒரே ஒரு வார்த்தை குடுங்க சார். 'வா', 'போ', எதுவா இருந்தாலும் சரி."

"டிராகன் பேசாதுங்க."

"கிளி பேசுது சார். மரம் பேசுது. போன வாரம் ஒரு கேடயம் பேசிச்சு!"

"அதெல்லாம் பேசும். டிராகன் பேசாது. மைக்கைப் பாருங்க."

அவர் மைக்கைப் பார்த்து உறுமுவார். அந்த உறுமலில் இருந்த வேதனை நிஜமானது. அதற்குத்தான் கைதட்டல் வந்தது.

வீட்டில் ஒரு சின்ன அறை உண்டு. சாதகம் செய்வதற்காகவே அவர் அதை வைத்திருந்தார். சத்தம் வெளியே போகாமல் இருக்க, முட்டை அடுக்கும் அட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து, நான்கு சுவரிலும் தன் கையாலேயே ஒட்டியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவியின் தம்பி ஒரு பெட்டியுடன் வந்து இறங்கினான். "வேலை விஷயமா வந்திருக்கேன் அத்தான். நாலே நாள்." ஐந்தாம் நாள் அறைக்குள் கட்டில் போனது. ஆறாம் நாள், கரப்பான் வருகிறது என்று அட்டைகள் அத்தனையும் குப்பைக்குப் போயின. அன்றிலிருந்து அவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, வாளியைப் பார்த்து உறுமிக்கொண்டிருக்கிறார்.

மச்சானுக்கு வேலை கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. பேசுவான். பேசிக்கொண்டே இருப்பான். கறிகாய்க்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், தவறான நம்பருக்கு போன் செய்தவர் என்று யார் கிடைத்தாலும் அரை மணி நேரம். வெண்கலக் குரல் வேறு. தூங்கும்போது மட்டும்தான் வீடு அமைதியாக இருக்கும், அப்போதும் குறட்டை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார். போன் போட்டு மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

"உன் தம்பி சும்மாத்தானே உட்கார்ந்திருக்கான்? எடுத்துட்டு வரச் சொல்லு. தின்ன சோத்துக்கு ஒரு நாளாவது நடக்கட்டும்."

மச்சான் வந்தான். டப்பா வந்தது. வாசலில் காவலாளியோடு ஒரு மணி நேரம் அவன் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். வேறென்ன செய்வான் என்று அவர் சாப்பிட்டு முடித்தார்.

தொடர் முடியப் போகிறது என்று அறிவிப்பு வந்ததும் ஊரே கொதித்துப் போனது. காணாமல் போன ராஜா திரும்ப வருவாரா? சிம்மாசனம் இளவரசிக்கா, சித்தப்பாவுக்கா? டிராகன் என்ன ஆகும்? இவரிடம் கேட்காத ஆள் இல்லை. கடைக்காரர் அரிசியை நிறுத்துப் போடாமல் கேட்டார். பல் டாக்டர் இவர் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு கேட்டார்.

"வெளியில சொல்லக் கூடாது. கையெழுத்து வாங்கியிருக்காங்க" என்று இவர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சொல்வார்.

கையெழுத்து வாங்கியது உண்மை. ஆனால் சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமில்லை என்பதும் உண்மை. கதை கசியாமல் இருக்க ஸ்டூடியோவில் ஒரு ஏற்பாடு. குரல் கொடுக்கிறவருக்குத் திரையில் அவருடைய பாத்திரத்தின் வாய் மட்டும்தான் தெரியும். சுற்றிலும் கருப்பு. ஒன்பது வருஷமாக அவர் பார்த்தது ஒரு டிராகனின் மூக்குக்குக் கீழே, தாடைக்கு மேலே. அது எங்கே பறக்கிறது, யாரைக் கடிக்கிறது, ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்க்கலாமே என்றால், தன் குரல் இல்லாத காட்சிகளில் அவருக்குத் தூக்கம் வந்துவிடும்.

ஆனால் கடைசி அத்தியாயத்துக்கு உறுமப் போனபோது டைரக்டர் சொன்னது அவருக்கு மனப்பாடம். "இது கடைசி மூச்சு. இழுத்து விடுங்க. அப்புறம் ஒண்ணும் வேண்டாம்." இழுத்து விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆக, டிராகன் சாகிறது. இதில் சந்தேகத்துக்கு இடமேது?

அடுத்த வாரம் மனைவி காபியை மேஜையில் வைத்தாள். 'டங்'கென்று வைக்காமல் மெதுவாக வைத்தாள். அவருக்குப் பகீரென்றது.

"ஏங்க, கடைசியில டிராகன் என்னங்க ஆகும்?"

"சொல்லக் கூடாது."

"பொண்டாட்டிகிட்டகூடவா?"

"பொண்டாட்டிகிட்ட முக்கியமா சொல்லக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

"சரி விடுங்க. உங்களுக்கே தெரியாதோ என்னமோ."

சுருக்கென்று தைத்தது. "எனக்கா தெரியாது? ஒன்பது வருஷமா அந்த டிராகனே நான்தான்டி!"

"அப்ப பந்தயம் கட்டுவீங்களா?"

அப்போதுதான் அவர் மூளையில் அந்தப் பொன்னான யோசனை உதித்தது. ஆஹா, தானாக வந்து வலையில் விழுகிறாளே!

"கட்டறேன். நான் சொல்ற மாதிரி கதை முடிஞ்சா, அன்னிக்கே உன் தம்பி ரூமைக் காலி பண்ணணும். பெட்டி, கட்டில், சீப்பு, எல்லாம்."

"முடியலைன்னா?"

"முடியலைன்னா அந்த ரூமை அவனுக்கே சாசனம் பண்ணித் தரேன். அப்புறம் அதைப் பத்தி மூச்சு விடமாட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு?"

"அவசரமில்ல. இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க."

"ஏன், பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்? பின்னால என்னைக் குத்தம் சொல்லக் கூடாது, அதான். ஒரு நிமிஷம்." ஜன்னலைத் திறந்து எதிர்வீட்டு டெய்லரம்மாவைக் கூப்பிட்டாள். "அக்கா, கொஞ்சம் இங்க வாங்களேன், சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்."

டெய்லரம்மா கழுத்தில் அளவு டேப்போடு ஓடி வந்தாள். அவர் சத்தியம் மறந்து, கையெழுத்து மறந்து, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "டிராகன் செத்துடும். செத்தா செத்ததுதான். அதோட கதை முடியும்."

"அய்யோ பாவம்" என்றாள் டெய்லரம்மா.

"யாரு?" என்றாள் மனைவி.

"டிராகன்தான்."

மனைவி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். இந்த முறை 'டங்'கென்று சத்தம் கேட்டது. பந்தயம் கட்டிய கோபம் என்று அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

அடுத்த மூன்று வாரமும் அவருக்குச் சொர்க்கம். ஏனென்றால் மச்சான் பேசவே இல்லை. சத்தியமாக. கழுத்தில் ஒரு மப்ளரைச் சுற்றிக்கொண்டு, வெந்நீராகக் குடித்துக்கொண்டிருந்தான். ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவான். காலையில் நடக்கப் போகிறேன் என்று சைகை காட்டிவிட்டுப் போவான், மத்தியானம்தான் வருவான்.

"உன் தம்பிக்குத் தொண்டையில ஏதோ கட்டி போல இருக்கே" என்றார் அவர், சந்தோஷத்தை மறைக்க முடியாமல்.

"ஆமாங்க. டாக்டர் அதிகம் பேசக் கூடாதுன்னுட்டார்."

"நல்ல டாக்டர். மருந்தை நிறுத்திடாதீங்க."

கடைக்குப் போய் அட்டை விலை விசாரித்துவிட்டு வந்தார். இந்த முறை முட்டை அட்டை கிடையாது. பஞ்சு வைத்த நிஜமான அட்டை. கதவுக்கு வெளியே 'உள்ளே பதிவு நடக்கிறது' என்று ஒரு பலகை மாட்ட வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில், இந்த உலகத்தில் தனக்கென்று நான்கு சுவர். கொஞ்சம் அழுகை வந்தது, குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

ஞாயிறு வந்தது. மாலை ஆறு மணி. டெய்லரம்மா சாட்சி என்ற உரிமையில் முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். மச்சான் மப்ளரோடு மூலையில். அவர் அலமாரி மேலிருந்து மச்சானின் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, வாசல் கதவருகே வைத்துவிட்டு வந்தார். "எதுக்கும் ரெடியா இருக்கட்டும்" என்றார்.

கதை நடந்தது. சித்தப்பா தோற்றார். இளவரசி சிம்மாசனத்தை நோக்கி ஓடினாள். எங்கிருந்தோ ஒரு ஈட்டி வந்து டிராகனின் மார்பில் பாய்ந்தது. டிராகன் சரிந்தது. இளவரசி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது வந்தது அவருடைய மூச்சு. நீளமாக, நடுங்கி, அறையெல்லாம் நிறைந்து, அடங்கியது.

டெய்லரம்மா விக்கி விக்கி அழுதாள். அவர் திரும்பிப் பார்த்தார். மனைவியின் கண்ணிலும் தண்ணீர்.

"அழறியா?"

"அழாம என்னங்க பண்றது? என்னமா மூச்சு விட்டிருக்கீங்க!"

இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. பந்தயம்கூட ஒரு நொடி மறந்துபோனது. போகட்டும் பாவம், மச்சானை ராத்திரி சாப்பாடு முடித்துவிட்டே கிளம்பச் சொல்லலாம் என்று பெருந்தன்மையாக நினைத்தார்.

"சரி, பெட்டி..." என்று எழுந்தார்.

"உட்காருங்க. இன்னும் முடியல" என்றாள் மனைவி.

திரையில் டிராகனின் செதில்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. உள்ளேயிருந்து வெளிச்சம் வந்தது. இளவரசி கண்ணைப் பொத்திக்கொண்டாள். வெளிச்சம் அடங்கியபோது அங்கே டிராகன் இல்லை. கிரீடத்தோடு ஒரு மனிதர் எழுந்து நின்றார். காணாமல் போன ராஜா! ஒன்பது வருஷம் சாபத்தில் டிராகனாகக் கிடந்த ராஜா! ராஜா சிம்மாசனத்தில் போய் உட்கார்ந்தார், வாயைத் திறந்தார், பேசினார்.

"இத்தனை காலம் வாயற்றுக் கிடந்தேன். இன்று என் அரண்மனைக்குத் திரும்பிவிட்டேன். இனி என்னை இங்கிருந்து எவராலும் அசைக்க முடியாது!"

வெண்கலக் குரல்.

அந்தக் குரல் இவருக்குத் தெரியும். இரண்டு வருஷம் கறிகாய்க்காரரிடமும் தண்ணீர் கேன்காரரிடமும் கேட்ட குரல். அவர் மெல்ல மூலைப் பக்கம் திரும்பினார். மச்சான் மப்ளரை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி அத்தான் இருந்துச்சு?" என்றான் மச்சான். "சாப்பாட்டு டப்பா கொண்டாந்தேனே, அன்னிக்கு வாசல்ல நான் பேசறதைக் கேட்டுட்டு டைரக்டர் உள்ள கூட்டிட்டுப் போயிட்டார். வெளியில சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. நான் வாயே திறக்கல."

ஒன்பது வருஷம் உறுமினவன் ஒருவன். அந்த டிராகனுக்குப் பேச வாய் வந்த அன்றைக்கு இன்னொருவன். அதுவும் யார்? அவரே டப்பா கொடுத்து அனுப்பச் சொல்லி வரவழைத்தவன். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டது போதாதென்று, அதற்கு மைக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"உனக்கு முன்னமே தெரியுமா?" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

"அவன் சொல்லலீங்க. ஆனா தினமும் ரூம்ல 'வாயற்றுக் கிடந்தேன், அசைக்க முடியாது'ன்னு நூறு தடவை சொல்லிப் பார்ப்பான். அந்தக் கதையில வாயில்லாம கிடந்தது டிராகன் ஒண்ணுதானே? சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே நான் சமைக்கறேன்?"

"எனக்கு ஏன் கேக்கல?"

"நீங்கதான் குழாயைத் திறந்துவிட்டுக்கிட்டு உள்ள இருந்தீங்களே. அட்டை மட்டும் சுவத்துல இருந்திருந்தா எனக்கும் கேட்டிருக்காது."

"இது மோசடி! பந்தயம் செல்லாது!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு நான் ரெண்டு தடவை சொன்னேனா இல்லையா? அக்கா, சொன்னேனா?"

"சொன்னா" என்றாள் டெய்லரம்மா, மூக்கைச் சிந்திக்கொண்டே. "செத்தா செத்ததுதான்னு நீங்க சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது அந்த வாயில் பேசுவதற்கு நாலு வார்த்தை இருந்திருக்கும். இவர் வாசலுக்குப் போய், பெட்டியைத் தூக்கி வந்து, பழையபடி அலமாரி மேல் வைத்தார். மச்சான் ஒரு கை பிடித்தான்.

"வருத்தப்படாதீங்க" என்றாள் மனைவி. குரலில் கொஞ்சம் நிஜமான இரக்கம் இருந்தது, அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. "அடுத்த மாசம் ராஜாவை வெச்சே புதுத் தொடர் ஆரம்பிக்கறாங்களாம். தம்பிதான் பேசறான். ஆறு வருஷம் ஓடுமாம்."

"அதுல டிராகன் இருக்கா?" என்று கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். வயிற்றுப்பாடு கேட்க வைத்தது.

"டிராகன் இல்லையாம். ஆனா ராஜா வேட்டைக்குப் போறப்ப ஒரு காட்டுப்பன்னி வருதாம். தம்பி டைரக்டர்கிட்ட உங்களுக்காக ரொம்ப கெஞ்சியிருக்கான்."

அவர் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாளும் யாரோடும் பேசவில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் குளியலறைக்குள் போனார். தாழ் போட்டார். குழாயைத் திறந்தார். வாளியைப் பார்த்தார். ஒன்பது வருஷக் கசப்பையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, காட்டுப்பன்றியாக ஒரு உறுமல் உறுமினார்.

கதவு தட்டப்பட்டது.

"ஏங்க, கொஞ்சம் மெதுவா! ரூம்ல தம்பி வசனம் படிக்கறான்."