கிளட்ச் இழந்த ராஜாங்கம்

1978ஆம் வருஷம் ஆடி மாதம் முதல் ஞாயிறன்று, என் மைத்துனன் கன்னியப்பன் இனி என் காரைத் தொடக்கூடாது என்று முடிவு செய்தேன். உரக்கச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் என் முடிவுகளை உரக்கச் சொன்னால் அவை அங்கேயே முடிந்துவிடும்.

என் பெயர் ராஜாங்கம். நொத்தேர் எனப்படும் நோட்டரி ஆபீசில் பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்குகிறவன். பெயரில் உள்ள ராஜாங்கத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஸ்டியரிங். பிரான்சுக்குக் கப்பலேறிய துரை ஒருவர் விட்டுப்போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு சீட். கூரை கிடையாது. இந்த உலகத்தில் என் கைக்கு அடங்கி நடந்த ஒரே பொருள் அதன் கியர் ராடுதான்.

என் மனைவி அஞ்சலாட்சிக்கும் ஓட்ட ஆசை இருந்தது. கல்யாணமான புதிதில் கற்றுக்கொடுத்தேன். கிளட்சை விட்டாள். கார் தவளை மாதிரி மூன்று முறை குதித்து, இளநீர்க் குவியலில் ஏறி நின்றது.

"ரெண்டு காலுக்கு மூணு பெடலா? எந்தப் புத்திசாலி செஞ்சான் இத?" என்று இறங்கியவள், அதன்பின் ஸ்டியரிங் பக்கம் வரவில்லை. கிளட்சுக்கு மனதுக்குள் கற்பூரம் காட்டினேன்.

நிம்மதி நீடிக்கவில்லை. இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் கன்னியப்பன் பக்கத்து ஊரான சாரத்திலிருந்து வந்துவிடுவான்.

"மாமா, சாவி."

"பஸ்ல போனா என்னடா?"

"கனகசெட்டிக்குளத்துல மீன வாங்கி பஸ்ல எடுத்தாந்தா செத்துப்பூடும் மாமா."

"மீன் எப்பவோ செத்துதான்டா இருக்கும்!"

"அதான், ரெண்டாவது தடவ சாகக்கூடாதில்ல?"

சாவி போகும். திரும்பி வரும்போது சீட்டில் செதில். ஸ்டியரிங்கில் சுறா வாசனை.

அந்த வாரம் அஞ்சலாட்சி கீரை ஆய்ந்துகொண்டே பேச்சை எடுத்தாள். "ஏங்க, கியரே இல்லாத காரு இருக்காமே? ஆட்டோமேட்டிக்காம். கியர் போட்டுப் பழகினவங்களுக்கு அது சுத்தமா வராதாம்."

"யார் சொன்னது?"

"எதுத்த வீட்டு கமலவேணி. அவ அண்ணன் சைகோன்ல அமெரிக்காக்காரனுக்குக் கார் ஓட்டினவராம்."

"பேத்தல்" என்றேன். மறுநாள் பல் விளக்கும்போது, முற்றிலும் எனக்கே சொந்தமான யோசனை ஒன்று உதித்தது. காரை ஆட்டோமேட்டிக்காக மாற்றிவிட்டால்? கன்னியப்பன் கியர் போட்டே பழகியவன். ஒழிந்தான்! நானும் அப்படிப் பழகியவன்தான். ஆனால் நான் படித்தவன். எனக்கு வந்துவிடும்.

மெக்கானிக் பாவாடை என் யோசனையைக் கேட்டு வாயிலிருந்த பீடியை எடுத்தான்.

"சார், இது குதிரை. இதுக்குப் போயி யானை வயித்த வெச்சுத் தைக்கச் சொல்றீங்க."

"முடியுமா, முடியாதா?"

"முடியும். அப்புறம் இது குதிரையா இருக்காது."

மதராஸ் புதுப்பேட்டையில் உடைத்துப் போட்ட அமெரிக்கக் கார் ஒன்றின் கியர்பாக்ஸ் வந்தது. அது உட்காரக் காரின் அடித்தகட்டை அறுத்தான். பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டில் ஒரு சாண் வெட்டினான். மூன்று மாதம் கழித்து, கழற்றிய கிளட்ச் பெடலைப் பழைய துணியில் சுற்றி என் கையில் கொடுத்தான். வாங்கும்போது செருப்பைக் கழற்றத் தோன்றியது. பிரெஞ்சில் கியரை 'வித்தேஸ்' என்பார்கள். வேகம் என்று பொருள். என் காரில் இரண்டுமே போய்விட்டன.

அடுத்த ஞாயிறு, சிரித்த முகத்தோடு சாவியை நானே நீட்டினேன். கன்னியப்பன் புறப்பட்டான். தெருமுனையில் அவன் இடது கால் வழக்கம்போல் கிளட்சைத் தேடி, அது இருந்த இடம்வரை நீண்டிருந்த அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்தது. கண்ணாடியில் மூக்கு இடித்தது.

"எனக்கு இது ஆவாது மாமா." சாவியை வைத்துவிட்டுப் போயே போய்விட்டான்.

வெற்றி! அஞ்சலாட்சியை ஏற்றிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் புறப்பட்டேன். குறுக்கே கைவண்டி ஒன்று வந்தது. வேகத்தைக் குறைத்தேன். இருபது வருஷம் விசுவாசமாக உழைத்த என் இடது கால் தன் கடமையைச் செய்தது. கார் ஆணி அடித்தாற்போல் நின்றது. என் நெற்றி ஸ்டியரிங்கைத் தொட்டது. கிளம்பினேன், மறுபடி தொட்டது. மூன்றாவது முறை, மீன்கூடையோடு போன ஆயா ஒருத்தி நின்று பார்த்தாள்.

"யோவ், காரு ஓட்றியா, தெருவுக்குக் கும்புடு போடறியா?"

அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எறங்கி இந்தப் பக்கம் வாங்க."

"உனக்குக் கிளட்ச்..."

"அதான் இல்லியே."

இடது காலை மடித்துச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டாள், அரிவாள்மணை முன்னால் உட்காருவது போல. காரியத்தைக் கெடுக்க அவளிடம் பழைய கியர்ப் பழக்கம் எதுவும் இல்லை. வலது காலால் மெல்ல அழுத்தினாள். என் கார், எனக்கு ஒருநாளும் காட்டாத மரியாதையோடு, வழுக்கிக்கொண்டு போனது. என் மடியில் கத்தரிக்காய்ப் பை.

வீட்டு வாசலில் கன்னியப்பன் காத்திருந்தான்.

"முடிஞ்சுதாக்கா? இனிமே ஞாயித்துக்கெழம நான் தூங்கலாமா? இந்தக் காருல போயிப் போயி இடுப்பே வுட்டுப்போச்சு."

அந்த ஆட்டோமேட்டிக் பேச்சாவது நிஜமாக இருக்கும் என்று எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. எதிர்வீட்டில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த கமலவேணியிடம் போனேன்.

"சைகோன்ல இருந்தாரே உங்க அண்ணன், எப்படி இருக்கார்?"

"அண்ணனா? நாங்க அஞ்சும் பொண்ணுங்களாச்சே சார்!"