கெளுத்தி வாயில் கோலிக்குண்டு

கெளுத்தி மீனின் வாயில் கோலிக்குண்டை அடைத்து, எடையைக் கூட்டி, என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒரு நாள் காலையில் நான் மனதார நம்பினேன். (படித்தவன்தான். சந்தேகமிருந்தால் சான்றிதழ் காட்டுகிறேன்.)

பட்டன் செல்போன் வந்த புதிது. என் மனைவி ஏழு மாதம். கெளுத்திக் குழம்பு வேண்டும் என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானோ வில்லியனூர் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம். ஏரி மீனைத் தாண்டி எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கடலோரம் வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அஞ்சலையக்காவிடம் கடல் கெளுத்தி ஒரு கூறு வாங்கினேன். முள்ளை ஒடித்துத் தரட்டுமா என்று கேட்டார். எல்லாம் எங்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் பெரிய மீனின் வாயைப் பிளந்தால், உள்ளே மஞ்சளாக உருண்டை உருண்டையாய்ப் பத்துப் பதினைந்து. மாசமாக இருப்பவளுக்கு வாங்கியதிலேயே மோசடியா! மனைவி ஏதோ சொல்ல வருவதற்குள் பையோடு வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

குப்பத்தில் பத்துப் பேர் கூடும்படி கத்தினேன். அஞ்சலையக்கா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"நான் என்னா எட போட்டா குடுத்தேன்? கூறு கட்டித்தான குடுத்தேன். எடைய ஏத்தி எனக்கு என்னா ஆவப்போவுது?"

பையிலிருந்து ஆதாரத்தை எடுத்துத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினேன். முதுகு முள் உள்ளங்கையில் ஏறியது. நான் உதறிய உதறலில் மீன் பறந்தது. ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடியது. தோள்வரை நெருப்பு. விஷம் இதயத்துக்குப் போக எத்தனை நிமிடம் ஆகும் என்று கூட்டத்தைக் கேட்டேன். பிறக்காத பிள்ளைக்குப் பெயரும் சொல்லிவைத்தேன். (ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. சாகும்போதும் முன்ஜாக்கிரதை.)

அக்கா டீக்கடையில் சுடுதண்ணீர் வாங்கிவந்து, பொறுக்கிற சூட்டில் என் கையை அதில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அது முட்ட தம்பி. பொட்ட போட்டுட்டுப் பூடும். ஆம்பளதான் வாயில வச்சிக்கினு திரியும். குஞ்சு பொரிஞ்சி வெளிய போற வரிக்கும் எர எடுக்காது, பட்டினிதான். அதுவும் ஆம்பள, நீயும் ஆம்பள."

கூட்டம் சிரித்தது. வலி சற்று அடங்கியதும், இன்னொரு கெளுத்தியை முள் ஒடித்துப் பையில் போட்டார். "ஒனக்கில்ல. அந்தப் பொண்ணுக்கு."

இப்போதும் நான் சாப்பாடு வேண்டாம் என்றால், கல்லூரியில் படிக்கும் என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வாயத் தொறப்பா, எத்தினி முட்ட இருக்குன்னு பாக்கறேன்" என்பாள்.

அன்று கடைசியில் நடந்தது இவ்வளவுதான்: மனைவி கெளுத்திக் குழம்பை வயிறாரச் சாப்பிட்டாள். கை வீங்கிய நான், மீனில் முள் எடுக்க வழியில்லாமல், இடது கையால் ஸ்பூன் பிடித்து ரசஞ்சோறு சாப்பிட்டேன்.