கொலை அண்ணாச்சியும் நீலக்கதவு மெஸ்ஸும்

திருவனந்தபுரத்திலேயே அதிகம் பேரைக் கொன்றவர் எனக்குப் பக்கத்தில், மாடி மூலை அறையில்தான் குடியிருந்தார். கத்தி, கயிறு, விஷம், தலையணை, ஒருமுறை நன்றாக முற்றிய பலாப்பழம் என்று அவர் கைவைக்காத ஆயுதம் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதர், நான் ஒரு கொசுவை அடித்தால்கூட, "மெள்ள தம்பி, ரத்தம் வந்திரப் போவுது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பெயர் கொலை அண்ணாச்சி. கேரளத்தில் தமிழ் பேசுகிற ஆண் எவனாக இருந்தாலும் அண்ணாச்சிதான். துணி தேய்ப்பவரும் அண்ணாச்சி, இளநீர் வெட்டுபவரும் அண்ணாச்சி, டை கட்டிக்கொண்டு ஆபீசில் உட்கார்ந்திருந்த என்னையும் பியூன் அப்படித்தான் கூப்பிட்டார். ஆகவே தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் இருந்த எங்கள் லாட்ஜில், ஆளைப் பிரித்துச் சொல்ல முன்னால் ஒரு வார்த்தை தேவைப்பட்டது. இவர் சோடாபுட்டிக் கண்ணாடியும் இழுத்து நடக்கும் இடது காலுமாகப் பகலெல்லாம் சாலைக் கடைத்தெருவில் குடை விற்பார். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை ஆட்களைக் கொல்வார். சென்னையிலிருந்து வரும் ஒரு வார இதழில் அவருடைய துப்பறியும் தொடர் இல்லாத வாரமே இருக்காது.

எழுதும்போது அறைக்குள் குடையை விரித்து வைத்து, அதற்குக் கீழேதான் உட்காருவார். கூரை ஒழுகுகிறதா என்றால், ஒரு பொட்டு ஈரம் கிடையாது. கேட்டேன். "மேல ஒரு மறைப்பு இருந்தாத்தான் தம்பி கொல்லுததுக்குத் தைரியம் வருது" என்றார். இதற்கு மேல் என்ன கேட்பது?

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "எழுதுதது அம்புட்டும் பொய்யி. எடமாவது நெசமா இருக்கணும்லா?" என்பார். கதையில் பதினேழு படி என்று வந்தால், எங்கேயோ ஒரு மாடியில் பதினேழு படி இருந்தே தீரும். ரயில்வே மேம்பாலத்தைக் குடையால் தட்டித் தட்டி அளந்தவர் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். ஆட்டோவின் பின்னால் பிணத்தை ஒளிக்க முடியுமா என்று பார்க்க, ஷாஜியின் ஆட்டோவில் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் சாமான் வைக்கிற இடத்தில் தானே இறங்கிவிட்டார். ஷாஜி மலையாளி, ஆனால் எங்களோடு பழகிப் பழகித் தமிழும் இல்லாமல் மலையாளமும் இல்லாமல் ஒரு பாஷை பேசுவான். "அண்ணாச்சி, இதிலெ ஒரு சாக்கு வெங்காயம் கொள்ளும், ஆள் கொள்ளில்லா" என்று அவன் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. இறங்கியவரால் ஏற முடியவில்லை. சீட்டைக் கழற்ற ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற வழி முழுக்க, உள்ளேயிருந்து "மூச்சு முட்டுது தம்பி, குறிச்சுக்கிடும்! கால் மரத்துப் போச்சு, குறிச்சுக்கிடும்!" என்று கத்திக்கொண்டே வந்தார். நானும் மடையன் மாதிரி குறித்துக்கொண்டே வந்தேன்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பொன்முடிக்கு இழுத்துப் போனார். தலையணைக்கு என்னுடைய புதுச் சட்டையை மாட்டி (அவருடையதை அல்ல, என்னுடையதை!) ஒரு கொண்டை ஊசி வளைவிலிருந்து கீழே உருட்டினார். விழுந்த ஆள் எங்கே போய்ச் சேருவான் என்று தெரிய வேண்டுமாம். ஆள் எங்கேயும் போகவில்லை. கால் மணி நேரத்தில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் மூன்று பேர் இரைக்க இரைக்க மேலே ஏறி வந்து, "பஸ்ஸுல இருந்து ஒங்க மூட்டை விழுந்துருச்சுண்ணே. பாத்து வெக்கக் கூடாதா?" என்று திட்டிக் கையில் கொடுத்தார்கள். அண்ணாச்சிக்கு முகமே விழுந்துவிட்டது. "இந்த ஊர்ல ஒருத்தன நிம்மதியா தள்ளிவிட முடியுதா?" என்று திரும்பி வரும்வரை புலம்பினார்.

சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கெல்லாம் வினையாக வந்து முடிந்தது அந்தக் கொள்கைதான்.

லாட்ஜுக்கு எதிரே செல்வி அக்காவின் மெஸ். போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் பிறந்து, புருஷன் போன பிறகு மலையிறங்கி வந்து, தனி ஆளாக அடுப்பை மூட்டியவர். குடம்புளி போட்டு மண்சட்டியில் வைக்கும் அவருடைய மீன் குழம்புக்கு லாட்ஜிலிருந்த கொத்தனார், ஓட்டல் சப்ளையர், நான், எல்லோருமே அடிமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் வார இதழ் வந்ததும், தென்காசிப் பக்கத்துக் கட்டட மேஸ்திரி ஒருவர் அண்ணாச்சியின் தொடரை மெஸ்ஸில் உரக்கப் படிப்பார். சோற்றைப் பிசைந்தபடி நாங்கள் கேட்போம். ஷாஜிக்குப் பாதி புரியாது, ஆனால் அவன்தான் அதிகமாக "அய்யோ" சொல்லுவான்.

புதுத் தொடரின் முதல் அத்தியாயத்தில் ஒரு மெஸ் வந்தது. நீலக் கதவு, கைப்பிடி உடைந்த கரண்டி, மலையிலிருந்து வந்த அக்கா, குடம்புளி மீன் குழம்பு. "நம்ம கடையாக்கும்! புஸ்தகத்துல வந்திருச்சு பாத்தீங்களா!" என்று செல்வி அக்கா பூரித்துப்போய் எல்லோருக்கும் ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தார்.

இரண்டாவது வாரம் அந்த மெஸ்ஸில் சாப்பிட்ட மூன்று பேர் செத்தார்கள். மூன்றாவது வாரம் விஷம் மீன் குழம்பில்தான் என்று தெரிந்தது. சட்டியைத் தொட்டது ஒரே ஒரு கைதான் என்று துப்பறிவாளர் மீசையை முறுக்கினார்.

முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது. "அக்கா, விஷம் போடாத குழம்பு இருக்கா?" என்றார்கள். பிறகு மேஸ்திரிக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மனுஷன் முந்தின நாள் கல்யாணத்தில் நாலு விதப் பாயசம் குடித்திருந்தார், அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. "எதுக்கும் ரெண்டு நாள் போகட்டும்" என்று ஆளுக்கு ஆள் அடுத்த தெருவுக்கு நகர்ந்தார்கள். இரண்டு நாள் இரண்டு வாரமானது. நீலக் கதவுக்குள் ஈ, காக்காய் இல்லை.

அண்ணாச்சி வாசலில் நின்று வருகிறவன் போகிறவனையெல்லாம் மறித்தார். "ஐயா, அது கற்பனைய்யா!"

"கற்பனைன்னா நீலக் கதவு எங்கேருந்து வந்துச்சு?" என்று மேஸ்திரி கேட்டார். "கரண்டி உடைஞ்சதுகூட கரெக்டா எழுதியிருக்கீங்க. கொழம்ப மட்டும் பொய்யாவா எழுதுவீங்க?"

அண்ணாச்சி குடையை இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

மன்னிப்புக் கேட்க என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். செல்வி அக்கா நாலு வார்த்தை கிழித்திருந்தால் தேவலை. அவரோ இரண்டு இலையைப் போட்டுப் பரிமாறினார். காலி பெஞ்சுகளுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

"மாசக் கடைசிக்குள்ள கடை ஓடலன்னா சாவிய ஓனர் கையில குடுக்கணும் அண்ணாச்சி" என்றார் அக்கா, மோர் ஊற்றிக்கொண்டே. "மறுபடியும் மலைக்குத்தான் ஏறணும். அங்க எனக்கு யாரு இருக்கா?"

வெளியே வந்ததும் அண்ணாச்சி குடையை விரித்துக்கொண்டார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. குடைக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இன்னும் ஒரே ஒரு அத்தியாயந்தான் பாக்கி தம்பி. அதுல கொலைகாரி யாருன்னு நெனைக்கீரு?"

குடையை விலக்கி அவர் முகத்தைப் பார்த்தேன். "அடப்பாவி மனுஷா! அக்காவா?"

"கதைப்படி வேற வழியே இல்ல. சட்டியத் தொட்ட கை ஒண்ணுதான்னு எழுதி அச்சாயிட்டு. எல்லா வாசலையும் நானே பூட்டித் தொலைச்சிட்டேன்."

கதையை மாற்ற லாட்ஜே கூடி உட்கார்ந்தது. தண்ணீரில் விஷம் என்றேன். தண்ணீரைப் பரிசோதித்தாயிற்று, போன வாரமே எழுதிவிட்டாராம். சட்டியில் பாம்பு விழுந்ததாக வைக்கலாம் என்றான் ஷாஜி.

"பாம்பு சட்டிக்குள்ள எதுக்குடே எறங்குது?"

"மீன் தின்னத்தான்!"

அண்ணாச்சி எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் திறக்கவில்லை. திங்கட்கிழமை கூரியர் அனுப்பிவிட்டு அப்படியே குடைக்கடைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மேஸ்திரி லாட்ஜ் வராந்தாவில் நின்று படித்தார். செல்வி அக்கா எதிரே நீலக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொலைகாரன் எதிர் லாட்ஜில், மாடியில் மூலை அறையில் இருக்கிறான். குடைக்கடையில் வேலை. சோடாபுட்டிக் கண்ணாடி, இடது காலைச் சற்று இழுத்து நடப்பான். துப்பறியும் கதை எழுதுகிற அவனுக்குப் பல நாளாகக் கதை தோன்றவில்லை, செய்து பார்த்தால் தோன்றும் என்று துணிந்துவிட்டான். கையே படாமல், குடைப் பிடியால் சட்டியின் மூடியைத் தூக்கி, குடைக் குழாய்க்குள் வைத்திருந்த விஷத்தைச் சொட்டவிட்டான். பாவம், அந்த அக்காவுக்கு எதுவுமே தெரியாது. விலங்கு மாட்டி முடித்த துப்பறிவாளர் நேராக நீலக் கதவுக்குள் போய், இலை போட்டு, மீன் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். அந்தச் சாப்பாடு மட்டும் ஒன்றரைப் பக்கத்துக்கு ஓடியது. மேஸ்திரி படிக்கும்போதே எச்சில் விழுங்கினார்.

படித்து முடித்து எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மாடிப்படியில் கண்ணாடியும் குடையுமாகக் கொலைகாரர் நின்றிருந்தார்.

"இருவது வருசமா ஒரு வாசகன்கூடக் கொலைகாரனைக் கண்டுபிடிச்சதில்ல" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இனி சாலையில போற சின்னப்புள்ளகூட கையக் காட்டிரும்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மறுநாள் மெஸ்ஸில் இலை போட இடமில்லை. துப்பறிவாளர் உட்கார்ந்த அதே பெஞ்சு வேண்டும் என்று நாகர்கோவிலிலிருந்து ஒரு கும்பல் வேறு வந்து இறங்கியது. மாசக் கடைசியில் சாவி செல்வி அக்காவின் இடுப்பிலேயே இருந்தது. அண்ணாச்சி பாடுதான் திண்டாட்டம். குடைக்கடையில் ஒரு அம்மாள் வாங்கிய குடையின் குழாயை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். டீக்கடையில் அவர் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் கிளாசை உள்ளங்கையால் மூடிக்கொள்வார்கள். மெஸ் வாசலில் ஷாஜியே கையை நீட்டி மறித்துவிட்டான்.

"அண்ணாச்சி, நிங்ஙள் அங்கெ நில்லு. சட்டியின்டெ பக்கத்து வர வேண்டா!"

"ஏல ஷாஜி, கூட இருந்து பாத்தவன்தானேடே நீ?"

"ஆனாலும் எனிக்கொரு பயம்."

உள்ளேயிருந்து அக்கா கரண்டியோடு வந்தார். "போங்கடா பயந்தாங்கொள்ளிகளா! எனக்காகக் கொலைகாரன்னு பேரு வாங்கின மனுஷன். அவரு கீழ எறங்கவே வேண்டாம். நான் மேல கொண்டு போறேன்." சொன்னபடியே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மாடியேறினார். அன்றிலிருந்து மழையோ வெயிலோ, ஒரு நாள் தவறியதில்லை.

எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. தம்பானூரில் இறங்கினால் இப்போதும் நேராக அந்த மூலை அறைக்குத்தான் போவேன். விரித்த குடைக்குக் கீழே எனக்கும் இடம் ஒதுக்கி, தன் பங்கில் பாதியை என் தட்டில் ஊற்றுவார். மற்ற இடங்களில் பச்சைத் தண்ணீரைக்கூட யோசித்துக் குடிக்கிற பயல் நான், இந்தக் கொலைகாரர் கையால் ஊற்றுகிற மீன் குழம்பை மட்டும் இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.